பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்குப் போன வாரம் பதில் வந்திருக்கிறது. குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் என் மருந்துக்கடைக்கு வந்து போனை நீட்டினார். கணவரை முதியோர் இல்லத்திலும், மகனை மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லத்திலும் சேர்த்துப் பயன்பெற அறிவுறுத்தப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டதாக அதில் இருந்தது.

அவர் கேட்டது அதை இல்லை. கணவரையும் மகனையும் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வழி சொல்லுங்கள் என்று அவர் மனுவில் ஒரு வரி கூட எழுதச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவள் நான், அதனால் தெரியும். அவர் கேட்டது ஆறு வாரம். தனக்கு ஆபரேஷன் நடந்து உடம்பு தேறுகிற வரைக்கும் அந்த இருவரையும் வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தில் ஏதாவது ஓர் இடம். அவ்வளவுதான்.

மனு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, விவரங்களும் அதில் இருக்கின்றன. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் இங்கே தவிர்க்கிறேன். ஆனால் மனுவில் எழுத முடியாத சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மகனுக்கு முப்பது வயதாகிறது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான், வேறு கை வந்தால் தட்டிவிடுவான். இந்த இருவரையும் அந்த ஓர் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். இரவிலும் அதே இரண்டு மணி நேரம்தான். அலாரம் வைத்து எழுந்து புரட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் கணவருக்குப் படுக்கைப்புண் வந்து மருந்து வாங்க அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்து வீடு திரும்பியவர்களுக்கு நான் கட்டுத்துணியும் களிம்பும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் இந்த அம்மா செய்கிற வேலையின் தரம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படித் தூக்கித் தூக்கித்தான் அவருக்குக் கருப்பை இறங்கியிருக்கிறது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து குளியலறைக்கு, தன்னைவிடக் கனமான ஓர் ஆளைத் தினமும் தூக்குகிற உடம்பு அது. அரசு மருத்துவமனையில் பார்த்து, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று தேதியும் கொடுத்தார்கள். அதன்பிறகு ஆறு வாரமாவது கனமான எதையும் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். தேதி வந்தது, அவர் போகவில்லை. இரண்டாவது தேதியும் அப்படியே போனது. இப்போது இறங்கிய கருப்பையைத் தாங்கத் தற்காலிகமாக உள்ளே ஒரு வளையத்தைப் பொருத்திக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, மறுபடியும் கணவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். எந்த வேலையால் நோய் வந்ததோ அதே வேலை, ஒரு நாள் கூட இடைவெளி இல்லாமல்.

இல்லத்தில் சேர்க்கச் சொன்ன உங்கள் அலுவலகம், எந்த இல்லம் என்று சொல்லவில்லை. நாங்களே போன் போட்டுக் கேட்டோம். முதியோர் இல்லங்களில் முதல் கேள்வியே, "தானா நடப்பாரா? தானா பாத்ரூம் போவாரா?" என்பதுதான். இல்லை என்றால் அடுத்த கேள்வி கிடையாது. நடமாடுகிறவர்களுக்குத்தான் அங்கே இடம். மகனுக்காகக் கேட்ட இடங்களில் வலிப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ஆனால் ஆறு வாரத்துக்கெல்லாம் எடுக்க மாட்டோம், சேர்த்தால் நிரந்தரமாகச் சேர்த்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குப் போகிற ஒரு தாய், அதற்கு விலையாகத் தன் பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா?

சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாள் முழுக்க ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து ஆள் கிடைப்பதில்லை. இங்கே இருவரைப் பார்க்க வேண்டும். மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அதை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பர், மலிவானது கூட, ஒன்று முப்பத்தைந்து ரூபாய். நாளைக்கு மூன்று என்றால் மாதம் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் என் கடையில் பாக்கெட்டாக வாங்குவோர் குறைவு. இரண்டு கொடுங்கள், மூன்று கொடுங்கள் என்று சில்லறையாக வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஈரமானதை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுகிற வீடுகளையும் எனக்குத் தெரியும். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொகை மாறவே இல்லை. இது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் பஸ் ஏறிப் போன கிழவிகள் இப்போது வீட்டுத் திண்ணையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். இயன்முறை மருத்துவரும், தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கிற ஆதரவு சிகிச்சை செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அந்தச் செவிலியர் இந்த அம்மா வீட்டுக்கும் வருவார். நல்ல பெண், யூரின் டியூபைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் ஒன்றியம் முழுக்கச் சுற்ற வேண்டிய ஒருவர், ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் அரிசி வாசலுக்கே வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ளவர்களும் வீட்டில் இருந்தபடியே வாக்களித்தார்கள். அதிகாரிகள், போலீஸ், வீடியோ கேமரா என்று ஒரு குழுவே படுக்கை அருகில் வந்து நின்றது. ஓர் ஓட்டுக்காக அத்தனை பேர் வர முடிகிறது. அது சரியான காரியம், குறை சொல்லவில்லை. யார் எந்த வீட்டில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள் என்ற பட்டியல் நிர்வாகத்திடம் இருக்கிறது, மனது வைத்தால் போய்ச் சேரவும் முடிகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆக, நோயாளியைத் தேடி மருந்து வருகிறது, அரிசி வருகிறது, வாக்குச்சீட்டும் வருகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் எதுவும் வருவதில்லை.

நான் கேட்பது இதுதான். நம் மாவட்டத்தில் வட்டத்துக்கு ஒன்றாக, படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் கடுமையான குறைபாடு உள்ளவர்களையும் சில வாரங்கள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பத்துப் படுக்கை போதும். பார்த்துக்கொள்கிறவர் ஆபரேஷன் முடித்து வரும்வரை, அல்லது ஊரில் ஒரு சாவுக்குப் போய்வரும்வரை. முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இடத்தை நிரந்தரமாக யாரும் கேட்கவில்லை.

இது புதுசாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களைத் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள 'சமர்த்' என்று ஒரு திட்டமே இருக்கிறது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு உண்டு, ஆட்சியர் அதில் இருந்தாக வேண்டும். அதாவது, நீங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காகக் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைக்கலாம் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குத் தனியாகவே ஒரு பிரிவை ஒதுக்கியிருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் வட்டத்தில் ஒரு கட்டில்தான் இல்லை.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2008இலேயே ஆதரவு சிகிச்சைக்கென்று மாநிலக் கொள்கை கொண்டுவந்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குச் செவிலியர் போவதை ஊராட்சியின் வேலையாகவே ஆக்கினார்கள், ஊராட்சி நிதியில் இருந்தே சம்பளமும் கொடுத்தார்கள். மலப்புறத்தில் சாதாரண ஊர் மக்கள் சேர்ந்து தொடங்கிய வேலைதான் அந்த அளவுக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பில் முதியவர்களின் விகிதம் அதிகமான பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள், அதுவும் பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கில்லை, அதற்கும் முந்தையது. பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீட்டில் எழுபது வயதுக்காரரை அறுபத்தைந்து வயதுக்காரர் தூக்குகிறார். இந்த அம்மாவின் வீடு ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள், என் கடைக்கு டயப்பர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வருகிறவர்கள். சென்னை கிண்டியில் முதியோருக்காக 200 படுக்கையோடு தேசிய மருத்துவமனை 2024இல் திறந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் இங்கிருந்து கிண்டிக்கு ஆம்புலன்ஸ் வாடகை கொடுக்கிற வசதி இருந்தால், அந்த அம்மா உங்களிடம் மனுவே கொடுத்திருக்க மாட்டார்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் உங்கள் மேல் இல்லை. மனுவைப் படிக்காமலே முடித்து வைக்கிற பழக்கத்தின் மேல்.

கட்டடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலேயே பழைய ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. பின்னால் ஊழியர் குடியிருப்பும் காலியாகத்தான் இருக்கிறது. சாய்வுதளமும் இரண்டு கழிவறையும் கட்டினால் போதும். புது ஆரம்ப சுகாதார நிலையம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால் மருத்துவருக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒழுங்கான சம்பளத்தில் வேலைக்கு வைக்கலாம். தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஊக்கத்தொகை கொடுக்கிற வேலையாக மட்டும் இது ஆகிவிடக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பது கஷ்டமான, கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. மருந்து, கட்டுத்துணி விஷயத்தில் எங்கள் வியாபாரிகள் தரப்பில் இருந்து முடிந்ததைச் செய்கிறோம். மற்ற கடைக்காரர்களிடமும் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார்கள்.

ஆகவே தயவுசெய்து மூன்று காரியங்கள் செய்து கொடுங்கள். முடித்து வைக்கப்பட்ட அந்த மனுவை மறுபடியும் திறந்து, ஒருமுறையாவது அந்த வீட்டுக்கு ஓர் அலுவலரை அனுப்புங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் முதியோர் வார்டிலோ வேறு எங்கோ, அந்த இருவருக்கும் ஆறு வாரத்துக்கு இடமும் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம், வட்டத்துக்கு ஒரு தற்காலிகப் பராமரிப்பு இல்லம் என்பதை அடுத்த உள்ளூர்க் குழுக் கூட்டத்தில் பேசி, முடியும் என்றாலும் முடியாது என்றாலும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

மருத்துவமனையில் மூன்றாவது தேதியாக அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் இருந்து பதில் வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்