கட்டைவிரலுக்கு ஒரு வாரம்

அன்புள்ள அக்கா,

வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் டவுன்செண்டில் சென்ட்ரம் என்ற கலை அமைப்பு கோடையில் நடத்தும் அக்கௌஸ்டிக் ப்ளூஸ் (மின்சாரம் இல்லாத கிட்டாரில் வாசிக்கும் கறுப்பின அமெரிக்கர்களின் இசை) பயிற்சி வாரத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"ரிட்டயர் ஆன பிறகு ஹாஸ்டலில் தங்கி, பொடியன்களோடு உட்கார்ந்து கிட்டார் பழகுவதா?" என்று எழுதியிருந்தீர்கள். பொடியன்கள் அங்கே கொஞ்சம்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியோ பல் பிடுங்கியோ சம்பாதித்துவிட்டு, கல்லூரிக் காலத்து ஆசையை இப்போதுதான் தூசி தட்டியிருப்பார்கள். வயதால் நீங்கள் தனித்துத் தெரியப் போவதில்லை.

வயது என்றதும் எலிசபெத் காட்டன் ஞாபகம் வருகிறார். வட கரோலினாக்காரர். சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். கல்யாணம், குழந்தை, சர்ச் என்று கிட்டார் மூலைக்குப் போய்விட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டன் டி.சி.யில் சீகர் என்ற இசைக் குடும்பத்து வீட்டில் வேலை பார்க்கும்போது, சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். கிராமி விருது வாங்கும்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். இடது கைக்காரர் என்பதால் வலது கைக் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் அடிநாதத்தை விரலாலும், விரலால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். அந்த முறைக்கு இன்று அவர் பெயரே வைத்துவிட்டார்கள். ஆகவே வயதைப் பற்றி இனி பேச வேண்டாம், சரியா?

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாரம் நடக்கும் ஃபோர்ட் வொர்டன், பியூஜெட் சவுண்ட் என்ற கடல் நுழைவின் வாயைக் காக்க அமெரிக்க ராணுவம் கட்டிய மூன்று கோட்டைகளில் ஒன்று. 1902இல் புழக்கத்துக்கு வந்தது, 1953இல் மூடினார்கள், 1973இலிருந்து மாநிலப் பூங்கா. சென்ட்ரம் பிறந்ததும் அதே வருடம்தான். பீரங்கிகள் எதிரி மேல் ஒரு குண்டு கூடச் சுட்டதில்லை. சிப்பாய்கள் படுத்த பாரக்ஸில் இப்போது கிட்டார்க்காரர்கள் படுக்கிறார்கள். பொதுக் குளியலறை, மர மாடிப்படி, காலையில் மூடுபனி, புல்வெளியில் பயமே இல்லாமல் மேயும் மான்கள். அங்கே பூமிக்கடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஒரு சத்தம் போட்டால் அடங்க 45 வினாடி ஆகும். 1988இல் பாலின் ஒலிவெரோஸ் என்ற இசையமைப்பாளரும் நண்பர்களும் உள்ளே இறங்கி வாசித்துப் பதிவு செய்த தொட்டி அது. ப்ளூஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

இனி கட்டைவிரலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

நீங்கள் வாசிக்கும் வீணையில் உங்கள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டும், சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டும். கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. இங்கே அது தலைகீழ். தாளம், அடிநாதம் எல்லாம் கட்டைவிரல் பொறுப்பு. பாடுகிறவர் திணறினாலும், விரல்கள் மெட்டைத் தவறவிட்டாலும், கட்டைவிரல் மட்டும் நிற்கக் கூடாது. வர்ஜீனியா, கரோலினா பக்கத்துப் பாணியில் அது இரண்டு தந்திகளுக்கு நடுவே மாறி மாறி நடக்கும். சி கார்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஐந்து, நான்கு என்று. மிசிசிப்பி, டெக்சஸ் பக்கத்தில் பலர் மாறவே மாட்டார்கள். ஈ கார்டில் ஆறாம் தந்தியையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஒரு மணி நேரம் விடாமல் செய்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

இன்னொன்று. வலது உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜுக்கு (வீணையில் குதிரை) பக்கத்தில் தடித்த தந்திகள் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு மயிரிழை முன்னே நகர்ந்தால் சத்தம் செத்துப்போகும், பின்னே போனால் தந்தி கார் கதவு மாதிரி அதிரும். நடுவில் 'தும் தும்' என்று அமுங்கி, ஆனால் சுரம் தெளிவாகக் கேட்கும் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தை எந்தப் புத்தகமும் காட்டாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் கையைப் பார்த்து, உங்கள் கையை நகர்த்தி நகர்த்தி நீங்களேதான் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் அங்கேயே தங்குவதற்குக் காரணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வீடியோவில் இது வராது.

எத்தனை விரல் வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். ரெவரெண்ட் கேரி டேவிஸ் என்ற பழைய கிட்டார் மேதை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்ததை, ஐந்து விரலும் இருப்பவர்கள் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இடது கை விரல் நுனி ஏற்கனவே காய்த்தது, தந்தியை வீணை மெட்டின் (ஃப்ரெட்) மேல் பக்கவாட்டில் இழுத்துப் பழகியது. ஈ ஸ்ருதியில் (நம் கணக்கில் மூன்று கட்டை) ஜி சுரத்தைக் கொஞ்சமாக மேலே தள்ளி, ஜி ஷார்ப்பை எட்டாமல் நிறுத்துவார்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, நடுவில் எங்கோ. மற்ற மாணவர்கள் அதற்கே இரண்டு நாள் திண்டாடுவார்கள், உங்கள் காது முதல் நாளே பிடித்துவிடும். ஆனால் அக்கா, "இது இன்ன ராகம் மாதிரி இருக்கிறதே" என்று வகுப்பில் ஆரம்பித்துவிடாதீர்கள். பத்து நிமிடம் போய்விடும், யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

தாளத்தில்தான் உங்களுக்குக் கோபம் வரும். கணக்கு என்னவோ பன்னிரண்டு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி), பாருக்கு நான்கு தட்டு, மொத்தம் 48. முதல் வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாக அதற்கு ஒரு பதில் வரி. ஆனால் பழைய ஆட்கள் தனியாக உட்கார்ந்து பாடியவர்கள். மூச்சு வேண்டுமென்றால் இரண்டு தட்டு கூட்டிக்கொள்வார்கள், வார்த்தை முடிந்துவிட்டால் குறைத்துக்கொள்வார்கள். லைட்னின் ஹாப்கின்ஸ் என்ற டெக்சஸ்காரர் கார்டை எப்போது மாற்றுவார் என்று கூட வாசித்தவர்களுக்கே தெரியாது. விரல் விட்டு எண்ணினால் தோற்றுப்போவீர்கள். பாடுகிறவரின் வாயையும் காலையும் பாருங்கள். பக்கவாத்தியம் வாசிக்கிறவர் பாடகரின் முகத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன?

சில ஆசிரியர்கள் டேப் என்ற, எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று எண் போட்ட தாளைக் கொடுப்பார்கள். வாங்கிப் பையில் வையுங்கள், வீட்டுக்கு வந்து பிரியுங்கள். சுரம் எழுதிய நோட்டோடு வளர்ந்தவர் நீங்கள், தாளைக் கண்டால் கண் தானாக அங்கே போகும். அது போனால் காது மூடிக்கொள்ளும். பதிலாக, அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள், ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை அவர்கள் வேகத்தில். ஆசிரியர் மெதுவாக வாசிக்கும்போது அவரை அறியாமலே சில இடங்களை எளிமைப்படுத்திவிடுவார். உண்மை வேகத்தில்தான் இருக்கும். வாரம் முழுக்க ஒரே ஒரு பாட்டு போதும். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் சி கார்டுப் பாட்டு ஏதாவது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அவர் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

பகல் வகுப்பை விட ராத்திரி முக்கியம். சாப்பாடு முடிந்ததும் திண்ணைகளிலும் பாரக்ஸ் கூடங்களிலும் வட்டம் போட்டு உட்கார்வார்கள். ஏன் என்று புரிய, இந்த இசை எப்படிக் கைமாறியது என்று தெரிய வேண்டும். ஜான் செஃபஸ் என்ற கிட்டார்க்காரர் பிழைப்புக்குத் தச்சு வேலை செய்தவர். ஃபில் விக்கின்ஸின் ஹார்மோனிகாவோடு 30 வருடத்துக்கு மேல் ஜோடியாக வாசித்தார். இருவரும் இந்தக் கோடை முகாம்களில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். செஃபஸ் 2009இல் போனார், விக்கின்ஸ் 2024இல். செஃபஸ் கற்றுக்கொண்டது வர்ஜீனியாவின் சனிக்கிழமை வீட்டு விருந்துகளில். மேசை நாற்காலியை வெளியே தூக்கி வைத்துவிட்டு, மீன் பொரித்து, சாராயம் ஊற்றி, விடிய விடிய ஆடுவார்கள். கிட்டார் அந்த ஆட்டத்துக்குத்தான். சோகமாக மூலையில் உட்கார்ந்து கேட்கிற சங்கதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, உண்மையில் ஆட வைக்கிற பாட்டு. வாஷிங்டன் டி.சி.யில் ஆர்ச்சி எட்வர்ட்ஸ் என்பவரின் முடிதிருத்தும் கடையிலும் இதே கதை. சனிக்கிழமைகளில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசிப்பார்கள், ஜான் ஹர்ட்டே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வீட்டு விருந்துகள் போய்விட்டன. முகாமின் ராத்திரி வட்டம் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு, அவ்வளவுதான். எட்டு மணிக்கே தூங்கப் போய்விட்டால் கட்டிய பணத்தில் பாதி வீண்.

வட்டத்தில் சில நடைமுறைகள் உண்டு. ஆளுக்கு ஒரு பாட்டு, சுற்றி வரும். உங்கள் முறை வந்து பாட மனம் இல்லையென்றால் தலையாட்டிவிட்டால் அடுத்தவருக்குப் போகும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றவர் பாடும்போது கட்டைவிரலை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருங்கள். உங்கள் முறையில் ஸ்ருதியை முதலில் சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் ஈ என்றால் ஹார்மோனிகாக்காரர்கள் பையைத் துழாவி ஏ எழுதியதை எடுப்பார்கள். தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று திருத்தப் போகாதீர்கள், அப்படி எடுத்தால்தான் ப்ளூஸ் சத்தம் வரும்.

கட்டாயம் பாடுங்கள். கிட்டார் கற்க வந்தவர்களைப் பாடச் சொன்னால் பாதிப்பேர் தங்கள் ஷூவைப் பார்ப்பார்கள். இது பாட்டு, அக்கா. கிட்டார் அதற்குத் துணைதான்.

கடைசியாக ஒரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. ஆசிரியர்களில் பலர் கறுப்பினத்தவர், எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இதற்கு நீண்ட கதை இருக்கிறது. 1916க்கும் 1970க்கும் நடுவில் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களுக்குப் போனார்கள். சிகாகோவில் கிட்டார் மின்சாரக் கிட்டாராயிற்று, இளைஞர்களுக்கு வேறு இசை பிடித்தது, அக்கௌஸ்டிக் ப்ளூஸ் தாத்தா பாட்டி சங்கதியாகிவிட்டது. அப்போதுதான் இசைத்தட்டு சேகரிக்கும் வெள்ளைக்கார இளைஞர்கள் தேடிப் போனார்கள். ஜான் ஹர்ட் 1928இல் பாடிய ஒரு பாட்டில் அவலான் என்று தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் மிசிசிப்பிக்கே போய், எழுபது வயதில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார். அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடையில் ஹர்ட் வாசித்தார். நல்ல கதைதான். ஆனால் இடைப்பட்ட 35 வருடம் அவர் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதனால் வகுப்பு நடுவில் ஆசிரியர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தன் பாட்டியைப் பற்றியோ பருத்திக் காட்டைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க மாட்டீர்கள், தெரியும். ஜெரான் பாக்ஸ்டன் போன்றவர்களிடம் கதையையும் வாசிப்பையும் பிரிக்கவே முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, லூசியானாவிலிருந்து வந்த பாட்டியிடம் பழம்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். கிட்டார், பாஞ்சோ, ஃபிடில், பியானோ, ஹார்மோனிகா எல்லாம் வாசிப்பார். அவர் வருகிற வருடமாக இருந்தால் எந்தக் கருவி வகுப்பாக இருந்தாலும் போய் உட்காருங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஜூலை கடைசியென்று நம்பி மெல்லிய துணியாக எடுத்துப் போகாதீர்கள், இரவில் கடல் காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மரக்கறிச் சாப்பாடு கேட்டால் கிடைக்கும், உறைப்பு கிடைக்காது, பருப்புப் பொடி டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். கேப்போ (ஸ்ருதி ஏற்ற தந்திகள் மேல் மாட்டும் கவ்வி), ஒட்டும் ட்யூனர், இரண்டு செட் தந்தி. அத்தானை வாரம் முழுக்க இழுத்துப் போக வேண்டாம், வார இறுதிக் கச்சேரிக்கு வந்தால் போதும், ஊருக்குள் கிளப்புகளிலும் வாசிப்பார்கள். பெயின்பிரிட்ஜ் ஃபெர்ரியில் வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், எட்மண்ட்ஸிலிருந்து கிங்ஸ்டன் வழியும் இருக்கிறது, காலையிலேயே கிளம்பட்டும். வரிசையில் நிற்கும்போது கிட்டாரைக் கார் டிக்கியில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் பிரிட்ஜ் பசை விட்டுவிடும், அந்த ஊரில் உடனே ஒட்டிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அன்புடன்,
தம்பி