ஐப்பசி மழையில் சேடிலைத் தேய்க்காதீர்கள்: ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. சித்திரையில் சேலத்தில் வாங்கியபோது விரலுக்கு இதமாக இருந்த கிட்டார், ஐப்பசி மழையில் ஏற்காட்டில் கம்பி உயர்ந்துபோய் அழுத்த முடியாமல் கிடக்கிறது, கம்பிகளைத் தாங்கி நிற்கும் எலும்புத் துண்டான சேடிலைத் தேய்த்து இறக்கிவிடலாமா என்பது ஒன்று. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தை அறுத்த பலகை கைக்கு வந்திருக்கிறது, அதில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யலாமா என்பது இன்னொன்று. சேடிலை இப்போது தொடாதீர்கள். பலகையில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் இந்த வருஷம் வேண்டாம். இரண்டு பதிலுக்கும் காரணம் மரத்திலுள்ள ஈரம்தான்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் கிட்டார் வேறொரு காற்றுக்குப் போய்விடுகிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். மேல்பலகையின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் உப்பும்போது அதற்கு விரிய இடமில்லை, மேலே புடைக்கிறது. பலகையில் ஒட்டியிருக்கும், சேடிலைத் தாங்கும் பிரிட்ஜ் அதோடு எழும்புகிறது, கம்பியும் எழும்புகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு. பலகை அமுங்கும், கம்பி தாழும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் முள்ளாகத் துருத்தும். விரல்பலகை சுருங்கிவிட்டது; உலோகம் சுருங்கவில்லை.

இப்போது சேடிலைத் தேய்த்தால் இன்றைக்குச் சுகமாக இருக்கும். மாசியில் பலகை இறங்கும்போது கம்பிகள் ஃபிரெட்டில் இடித்து 'ஜிர்ர்' என்று இரையும். தேய்த்த எலும்பைத் திரும்ப வளர்க்க முடியாது.

ஆகவே முதல் செலவு ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மலிவு மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம், அதனால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஓர் இரவு விட்டால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 வரை. மழை மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், ஆனால் மீட்டரும் உள்ளேயே இருக்கட்டும்; 45க்குக் கீழே போனால் பையை எடுத்துவிட வேண்டும். நிறம் மாறும் நீல வகை வாங்கினால், அதைச் சூடாக்கி உலர்த்துவதற்குச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். அந்த நீலத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் நச்சு. கோடையில் கிட்டாரைச் சேலத்துக்குக் கொண்டுவரும்போது, துளையிட்ட சோப்பு டப்பாவில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச் வைத்தால் போதும். மலை ஏறி, இறங்கிய உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம்; ஒன்றிரண்டு மணி நேரம் மூடியே கிடக்கட்டும்.

மேல்பலகையின் நடுவிலுள்ள வட்டத் துளையின், அதாவது சவுண்ட்ஹோலின், விளிம்பையும் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பைத் தாண்டி உள்ளே அப்படியே இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். அது ஈரத்துக்கு அவ்வளவு ஆடாது. அப்படியிருந்தும் கம்பி இந்த அளவு உயர்ந்தால், பிரிட்ஜ் கழன்று வருகிறதா என்று சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டிக்குள் 50 சதவீதத்தில் இரண்டு வாரம் கிடந்த பிறகும் கம்பி உயரமாகவே இருந்தால் அப்போது வேலைக் கருவிகளை எடுக்கலாம். வரிசை மாறக்கூடாது: புதுக் கம்பி போட்டு சுருதி சேர்ப்பது, கழுத்தின் வளைவு, நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட எலும்பு), கடைசியாகத்தான் சேடில். முந்தையது மாறினால் பிந்தையதின் அளவு தானாகவே மாறிவிடும்.

கழுத்துக்கு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்தும் உடலும் சேரும் 14ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே நேர்க்கோல். 7ஆவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மோட்டார் பைக் மெக்கானிக் வால்வுக்கு வைத்துப் பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். ஆட்டோ உதிரிபாகக் கடையில் கேட்டால் தருவார்கள். இடைவெளி கூடுதலானால் கழுத்தின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருகுங்கள், கழுத்து நிமிரும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்த்திசை. திருகும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, திருகியபின் சுருதி சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆலன் கீ சரியான அளவில் இல்லாவிட்டால் ராடின் திருகுமுனை மழுங்கிவிடும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: ட்ரஸ் ராட் கம்பியின் உயரத்தை இறக்குவதற்கான திருகு அல்ல. கழுத்தின் வளைவுக்கு மட்டும்தான். இந்த ஒரு குழப்பத்தில் பாழான கழுத்துகள் ஏராளம்.

நட்டைப் பார்க்க, ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃபிரெட்டுக்குப் பின்னால் அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் தட்டிப் பாருங்கள். ஒரு தலைமுடி அளவு அசைவு இருந்து 'டிக்' என்று சின்னச் சத்தம் வந்தால் சரி. அசைவு அதிகமானால் பள்ளம் மேலோட்டமாக இருக்கிறது. திறந்த கம்பி சுருதியில் நிற்க, எஃப் கார்டு மட்டும் ஏறிக் கேட்பது இதனால்தான். பள்ளத்தை ஆழப்படுத்த விலை உயர்ந்த நட் அரம் தேவையில்லை. வெல்டிங் கடையில் கேஸ் நாசிலைச் சுத்தம் செய்ய விற்கும் கம்பி அரங்களின் கட்டில் பல அளவு இருக்கும். சேலத்தில் இன்னொரு வசதியும் உண்டு: கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஊசி அரம் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கு வேலை செய்கிற அரம் எலும்புக்கும் சுகமாக வெட்டும். பள்ளம் கம்பியைவிட 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் அகலமாக, கம்பியை முறுக்கும் பிருடை இருக்கும் தலைப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். சரிவு தப்பானால் கம்பி பள்ளத்தின் முன்விளிம்பில் உட்காராமல் சிதார்போல் இரையும். நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திச் சோதியுங்கள். ஆழம் மீறிவிட்டால் நட்டைத் தேய்த்த எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் மறுபடி வெட்டலாம். சுருதி கூட்டும்போது 'டிக் டிக்' என்று கம்பி சிக்கித் தாவினால், பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் சரியாகிவிடும்.

இப்போது சேடில். 12ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பிக்கு 2.4, மெல்லிய கம்பிக்கு 1.8 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். அந்த இடம் கம்பியின் பாதி நீளம் என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். 3.2 இருக்கிறது, 2.4 வேண்டும் என்றால் 1.6 தேய்க்க வேண்டும். அடியில்தான் தேய்க்க வேண்டும், மேல் வளைவைத் தொடாதீர்கள். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடியின் மேல் 150 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, சேடிலை நட்டுக்குத்தலாகப் பிடித்து இழுங்கள். அடி கோணலானால் அதன் கீழே பிக்கப் (ஒலியை மின்சாரமாக மாற்றும் கருவி) இருக்கும் கிட்டாரில் ஒரு கம்பி உரக்கவும் ஒரு கம்பி மெலிந்தும் கேட்கும். கிட்டாரோடு வந்த சேடிலைத் தேய்க்காமல் எடுத்து வைத்துவிட்டு, புது எலும்பு வாங்கி அதைத் தேயுங்கள். பிரிட்ஜுக்கு மேல் சேடில் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக நிற்கும் நிலை வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கழுத்தின் கோணத்தைத்தான் மாற்ற வேண்டும், அது முதல் கிட்டாரில் பழகும் வேலை அல்ல.

பிரிட்ஜ் கழல்வதைச் சொல்கிறேன் என்றேன். 12–53 கம்பிக் கட்டு (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) இழுக்கும் மொத்த விசை சுமார் 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆளின் எடையை ஒட்டுப்பசை ஒன்று இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. சேலத்து வெயிலில் மூடிய காருக்குள் கிட்டாரை விட்டால் பசை இளகும். பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்பும். ஒரு தாளை அந்த விளிம்பின் கீழே செருகிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் உடனே கம்பியைத் தளர்த்திவிடுங்கள். பிளவுக்குள் பசையைப் பீச்சி இறுக்குவது நிற்காது, பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. பிரிட்ஜைச் சுற்றி அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து மறைத்து, இஸ்திரிப் பெட்டியால் பிரிட்ஜை மட்டும் சூடாக்கி, மழுங்கிய மெல்லிய தகட்டுக் கத்தியை ரேகையின் போக்கில் மெதுவாகச் செருகிக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் மேல்பலகையின் சிராய் பிரிட்ஜோடு பிய்ந்து வரும். பிறகு இரு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, வார்னிஷ் இல்லாத இடத்தில் மட்டும் ஒட்டி, மூன்று கிளாம்பு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மரக்கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை கட்டிலுக்கு நல்லது, பிரிட்ஜுக்கு ஆகாது. ஓயாத இழுப்பில் அது மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். டைட்பாண்ட் ஒரிஜினல் வகை மஞ்சள் பசை, அல்லது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் நம் பழைய தச்சர்களின் வச்சிரப் பசைதான் இதற்கு ஏற்றது. வச்சிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் 60 டிகிரி சூட்டில் வைத்துத் தடவ வேண்டும், ஆறுவதற்குள் கிளாம்பு விழ வேண்டும். நாளைக்கு வேறொருவர் கழற்ற நேர்ந்தாலும் மரம் பிய்யாமல் விட்டுக்கொடுக்கும் பசை அது.

இனி உங்கள் பலகை. சில்வர் ஓக் பெயரில்தான் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பம். அங்கே அந்த மரத்தில் கிட்டார் செய்கிறவர்கள் உண்டு, ஆகவே ஐயம் வேண்டாம். ஆரவாக்கில் அறுத்த பலகையில் மின்னும் புள்ளிக் கோலம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் தூளும் பாலும் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் அறுக்காதீர்கள்.

பச்சைப் பலகை ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர் கணக்கு. உங்களுடையது இரண்டு அங்குலம். தரையில் படாமல், சட்டம் கொடுத்து, நாலு பக்கமும் காற்றோட வையுங்கள். வெட்டு முனைகளில்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கேதான் வெடிக்கும். மாதம் ஒருமுறை எடை போட்டுப் பலகையின் மேலேயே எழுதுங்கள். கோடையிலும் எடை குறையாமல் நிற்கும்போது பலகை தயார்.

கழுத்தை முதல்முறை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரெட் பள்ளம் அறுப்பதில் தவறு பொறுக்காது: 648 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.37, இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும். வீணையில் மெட்டு மெழுகின் மேல் இருப்பதால் இளக்கி நகர்த்தலாம், இங்கே முடியாது.

உடல் 44 மில்லிமீட்டர் தடிமன். மரநாரை அழுத்திச் செய்த 12 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் அச்சு வெட்டி, ரவுட்டர் என்ற கடையும் இயந்திரத்தில் ஒரு நடைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல் கடையுங்கள். கழுத்துப் பள்ளத்தின் ஆழம் 16. அகலத்தைக் கையிலிருக்கும் கழுத்தை வைத்தே குறியுங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள். கழுத்தை மாட்டிய பிறகுதான் பிரிட்ஜின் இடம். நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரட்டித்தால் மெல்லிய கம்பியின் சேடில் நிற்க வேண்டிய கோடு கிடைக்கும். அந்தச் சேடிலைத் திருகில் கிட்டத்தட்ட முழுக்க முன்னால் தள்ளி வைத்துத் துளையிடுங்கள், ஏனென்றால் சுருதி திருத்தும்போது எல்லாச் சேடிலும் பின்னால்தான் போகும். மின்சார வேலை எளிது. ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோ ஓம்), இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500கே வால்யூம் பாட் (ஒலியளவுத் திருகு). பிரிட்ஜிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வயர் மறக்காமல். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிரவுண்டு இருக்கிறது, மீதி இரைச்சலுக்கு உள்பள்ளத்தில் செம்புத் தாள் ஒட்டுங்கள்.

பாலீஷை மட்டும் பனிமூட்ட நாளில் தொடாதீர்கள். அரக்குப் பாலீஷ் ஆனாலும் லேக்கர் ஆனாலும், ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது மரத்தின் மேல் குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ஏற்காட்டில் மாசி, பங்குனியின் வெயிலேறிய காலை நேரம் அதற்கு வாய்ப்பானது.

பலகையின் இரண்டு வெட்டு முனைகளிலும் இன்றைக்கே மெழுகோ மீந்த பெயிண்டோ கனமாகப் பூசிவிடுங்கள். கிட்டாரின் 12ஆவது ஃபிரெட் அளவையும் அன்றைய ஈரப்பத எண்ணையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். சேடிலை என்ன செய்வது என்று அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து அண்ணன்