நடந்து எட்டும் வீடு

புதுச்சேரி

அன்புள்ள சேகருக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டலாமா என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு என் வீட்டிலேயே விடை தேடிக்கொண்டிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது.

விழுப்புரம் சாலையில் நீ குறிப்பிட்ட மனையைப் போய்ப் பார்த்தேன். காற்று நன்றாக வருகிறது, விலையும் ஊருக்குள் கேட்பதை விட வெகு குறைவு. ஆனால் ஒரு கட்டு கீரை வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டும். எழுபது வயதுக்குப் பின் நமக்கு யார் வண்டி ஓட்டுவார்கள்?

1693 முதல் 1699 வரை இங்கிருந்த டச்சுக்காரர் வரைந்து, பிரெஞ்சுக்காரர் தொடர்ந்த கட்டம் கட்டமான வீதிகள், நடப்பவர்களுக்கு ஏற்றவை. பழைய ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்குள் எங்கிருந்து கிளம்பினாலும் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். தூரம் குறைவுதான், நடைபாதையெல்லாம் கடைச் சரக்கும் வண்டிகளுமாக இருப்பதுதான் தொல்லை.

வீடுகளின் நிலைதான் எனக்கு வருத்தம் தருகிறது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று பெருங்குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் இன்று இரண்டு முதியவர்களும் பூட்டிய அறைகளும் மிஞ்சியிருக்க, தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கோ, புதிதாக மணமானவர்களுக்கோ, துணையை இழந்த முதியவருக்கோ கைக்கெட்டும் வாடகையில் ஒரு சிறு வீடு ஊருக்குள் கிடைப்பதில்லை. பெரிய வீடு, இல்லையேல் விடுதி அறை என்ற இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

அதனால் எங்கள் பின்கட்டைத் தனிச் சிறு வீடாகப் பிரித்து வாடகைக்கு விட்டுவிட்டேன். பழைய தொழுவம் சமையலறையாயிற்று. சந்துப் பக்கம் தனி வாசல், தனிக் குழாய், தனி மின் மீட்டர். வாசற்படியை உடைத்துச் சரிவாகப் பூசச் சொன்னேன், ஏனெனில் குடிவந்த செவிலியரின் தாயார் கோல் ஊன்றி நடப்பவர். அவர் இப்போது தினமும் மாலையில் எங்கள் திண்ணை வரை வந்துவிடுகிறார். “ஒண்டுக்குடித்தனக் காலத்துக்கே திரும்புகிறாயா?” என்று தம்பி முகம் சுளித்தான். குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நின்ற அந்தக் காலத்தை நானும் மறக்கவில்லை. இங்கே பொதுவாக இருப்பது முற்றத்து வெயில் மட்டும்தான்.

அனுமதிக்கு அலைந்த கதையை நேரில் சொல்கிறேன். கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார்கள். குடிவருபவர்களிடம் சைக்கிள்கூட இல்லை!

என் யோசனையைக் கேட்டால், மனைக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. அடுத்த வீதியில் ஒரு மாடிப் பகுதி தை மாதம் காலியாகிறது. இரண்டு அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல். பதினெட்டுப் படிகள் உண்டு. கைப்பிடி போட்டுத்தர வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். வரும்போது உன் மனைவியையும் அழைத்து வா, அவர் ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
ராமு