தம்பிக்கு, நவாலியிலிருந்து

இயேசு மரி சூசை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது. நாங்கள் சுகம். நீயும் மருமகளும் குஞ்சும் சுகமா இருக்க வேண்டுறம்.

போனிலை நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு வைச்சிடுறாய். அதாலை கடதாசியிலை எழுதி, அக்காவின்ர பெடியனைக்கொண்டு படம் எடுத்து அனுப்புவிக்கிறன்.

இஞ்சை சரியான சோளகம். அம்மா அலுமாரி துப்பரவாக்கேக்கை உன்ர ஞானஸ்நான உடுப்பு வெளியாலை வந்தது. கழுத்தடி லேஸ் மஞ்சளாப் போச்சு. தேசிக்காய்ப் புளி போட்டுக் கழுவி, ஊசியாலை ரெண்டு இடம் பிடிச்சு, கொடியிலை போட்டவா. பேத்திக்கு வாற மாதம் ஒரு வயசெல்லோ. சும்மா சொல்லுறன்.

ஞாயிறிலையும் வேலை எண்டு சொன்னனி. கோவிலும் தூரமாம். சரி, இரவுச் செபத்தை மட்டும் விடாதை. 1658இலை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு குருமாரைத் துரத்தினாப் பிறகு, 1687இலை யோசேவ் வாஸ் சுவாமி வருமட்டும் ஏறக்குறைய முப்பது வருஷம் எங்கடை சனத்துக்கு ஒழுங்கான பூசை இல்லை. வந்தவரும் கழுத்திலை செபமாலை தெரியப் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரன் மாதிரி வீடு வீடாப் போய்த்தான் ஆர் கத்தோலிக்கர் எண்டு கண்டுபிடிச்சவர். சில்லாலைச் சனம் அவரை மறைச்சு வைச்சது. கோவில் இல்லாத காலத்திலை தாய் தேப்பன் வீட்டிலை சொல்லிக் குடுத்த செபந்தான் நிண்டது. நீயும் இப்ப ஒரு தேப்பன்.

தவக்காலத்திலை நீ பசாம், இயேசுவின்ர பாடுகளைச் சொல்லுற ஒப்பாரி, படிச்சா கிழவியள் சீலைத்தலைப்பாலை கண் துடைக்கிறவை. பத்து வயசிலை அந்தக் குரல். இப்பவும் கேக்கினம், உங்கடை மோன் அங்கையும் படிக்கிறவரோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? ஓம் எண்டனான். பொய். இரவுச் செபத்தையாவது விடாதை.

ஆடி 9ஆம் திகதி, எங்கடை கோவிலிலை குண்டு விழுந்து செத்த ஆக்களுக்குப் பூசை. நானும் போனனான். 1995இலை அண்டைக்கும் ஞாயிறு. சண்டைக்குப் பயந்து வடக்காலை இருந்து ஓடிவந்த சனம் முழுக்கக் கோவிலடியிலை. பிளேன் குண்டு போட்டுப் போனாப் பிறகு கழட்டின கதவொண்டிலை ஒரு காயக்காரப் பெடியனைத் தூக்கினம். முன்பக்கம் நான். பின்பக்கம் உன்ர சித்தப்பா. றோட்டுமட்டும் அவன் என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. கிணத்தடி வேலியிலை ரெண்டு பூவரசங் கதியாலுக்காக நாலு வருஷம் கதைக்காம இருந்தனாங்கள். அந்த ரத்தத்துக்குள்ளையும் எனக்கு அந்தக் கதியால்தான் தெரிஞ்சது.

நீ மதிலடியிலை நிண்டு பாத்தனி. பிறகொருநாள் பூசையிலை நான் நன்மை, அதுதான் நற்கருணை, வாங்கிப்போட்டு வரேக்கை கேட்டாய், "சித்தப்பாவோடை கோவமா இருந்துகொண்டு எப்பிடியப்பா நன்மை எடுக்கிறீங்கள்?" நான் றோட்டிலை வைச்சுக் கன்னத்திலை அறைஞ்சனான். அம்மாவுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை, நீயும் சொல்லேல்லை.

அந்த ஐப்பசி இடம்பெயர்விலை அவன் வன்னிக்குப் போனான். நாங்கள் திரும்பி வந்தம். அவன் அங்கை காய்ச்சலிலை செத்தது எங்களுக்கு மூண்டு மாசத்தாலைதான் தெரியும். அதுக்குப் பிறகும் நான் கிழமைக்குக் கிழமை நன்மை எடுத்தனான், முன்வாங்கிலை இருந்தனான், உன்னை முழங்காலிலை நிப்பாட்டிச் செபமாலை அம்பத்துமூண்டு மணியும் சொல்ல வைச்சனான். நித்திரை தூங்கினா அடிச்சனான். நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லேல்லை. பதில், பிழை என்னிலைதான் தம்பி. போன மாசம் பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டைச் சொன்னனான். உன்னட்டையும் சொல்லவேணும் எண்டு கிடந்தது.

சித்தப்பாவின்ர மூத்தவள் இப்ப மொன்றியலிலை. நம்பர் எடுத்து வெள்ளிக்கிழமை கதைச்சனான். ஆர் எண்டு சொல்ல எனக்குக் கொஞ்சநேரம் வாய் வரேல்லை. அவள் குரலை வைச்சே "பெரியப்பாவோ" எண்டு கேட்டிட்டாள். குஞ்சுக்கு ஞானத்தாய் ஆர் எண்டு நீ இன்னும் யோசிக்காட்டி, அவளைக் கேட்டுப்பார். நான் அவளிட்டை ஒண்டும் சொல்லேல்லை. நம்பரை அம்மா வட்சப்பிலை போடுவா.

உடுப்பு காய்ஞ்சு மடிச்சுக் கிடக்கு.

அப்பா