குமாருக்கு ஏன் கால் வீங்குது

டேய் செந்தில்,

பையனோட பிளஸ் டூ, உன் சுகர், ஆபீஸ் புராணம் எல்லாம் அப்புறம். இப்ப குமார் மேட்டர். பய நல்லா நடக்கிறான், புது ஹார்ட் வெச்சும் வாய் மட்டும் அதே வாய்தான்னு மீனா திட்டிட்டிருக்கு. ஆனா போன வாரம் பார்த்தா பிபி ஏறிக் கிடக்கு, கணுக்கால்ல விரல அமுக்கினா குழி அப்படியே நிக்குது. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சுடா. டாக்டர் எக்கோ எடுத்துட்டு ஹார்ட் ஜம்முனு இருக்கு, உப்பைக் குறைங்கன்னு நீர் மாத்திரை எழுதிட்டாரு.

ஹார்ட் நல்லா இருந்தா தண்ணி ஏன்டா தேங்கணும்? தூக்கம் வரல, உக்காந்து படிச்சேன். ஆபரேஷன்ல ரத்தக்குழாயத்தான் தைக்கிறாங்க, அறுந்த நரம்பைத் தைக்கிறதில்ல. நமக்கு ரத்தம் கூடினா ஹார்ட்டோட மேலறை விரியும், அந்தச் சேதி வேகஸ் நரம்பு வழியா மூளைக்குப் போகும், மூளை வாசோபிரசின்னு தண்ணியைப் பிடிச்சு வெக்கிற ஹார்மோனைக் குறைச்சு கிட்னி நரம்பையும் அடக்கும், உப்பும் தண்ணியும் யூரின்ல போயிடும். இவனுக்கு டேங்க் நிரம்பினது மோட்டாருக்குத் தெரியல, ஓடிட்டே இருக்கு. சும்மா உக்காந்திருக்கும்போதே துடிப்பு 90, 100ன்னு நிக்கிறதும் அதே வேகஸ் அறுந்ததாலதான்.

புது ஹார்ட்டை உடம்பு தள்ளாம இருக்கக் குடுக்கிற மாத்திரையாலன்னு நீ ஆரம்பிப்ப, உனக்கு எப்பவும் மாத்திரைதான் வில்லன். அதுவும் உப்பைப் பிடிச்சு வெக்கும், வாஸ்தவம். ஆனா 1996ல அமெரிக்காவுல ஹார்ட் மாத்தினவங்க, கல்லீரல் மாத்தினவங்க, ஒண்ணும் இல்லாதவங்கன்னு மூணு கோஷ்டியை வெச்சுப் பார்த்திருக்காங்க. மாத்தின ரெண்டு கோஷ்டிக்கும் அந்த மாதிரி மாத்திரையான சைக்ளோஸ்போரின்தான், ஆனா ஹார்ட் கோஷ்டிக்கு மட்டும் ரத்த அளவு சுமார் 14% கூட! சலைன் ஏத்தினா மத்தவங்களுக்கு உப்பைப் பிடிக்கிற ஹார்மோன் இறங்குது, இவங்களுக்கு இறங்க மாட்டேங்குது. ஹார்ட்டும் சும்மா இல்லடா, விரிஞ்சா ஏஎன்பின்னு ஒரு ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளிய தள்ளப் பாக்கும், அதுக்கு நரம்பே வேணாம், 1981ல கனடாவுல டி போல்ட்னு ஒரு விஞ்ஞானி எலியோட மேலறைச் சாறை வேற எலிக்கு ஊசி போட்டுக் கண்டுபிடிச்சது. ஆனா அது மட்டும் பத்தல.

இன்னொண்ணு, மீனாகிட்ட நான் சொல்லல. நரம்பு இல்லாததால ஹார்ட் ரத்தக்குழாய்ல அடைப்பு வந்தாகூட பலருக்கு நெஞ்சுவலியே தெரியாதாம். அதனாலதான் செக்கப்னு விடாம கூப்பிடறாங்க, இவன் என்னடான்னா எதுக்கு வெட்டிச் செலவுங்கிறான். நீ சொன்னாத்தான் கேப்பான், போன் போட்டு ரெண்டு கத்து கத்து.

அப்புறம் அடுத்த மாசம் வரும்போது அம்மா போட்ட நார்த்தங்கா, மோர்மிளகா எதையும் தூக்கிட்டு வராத. கேப்பான், கெஞ்சுவான். குடுத்தேன்னு தெரிஞ்சுது, ஏற்காடு கதை முழுசா உன் வீட்டம்மாவுக்குப் போயிடும்.

பாலு