மேட்டுப் புல்வெளிக்குப் புறப்படும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீலகிரியின் மேற்கு விளிம்பில், அப்பர் பவானி, முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளிகளில் பருவந்தோறும் செடியும் பூச்சியும் கணக்கெடுக்கப் போகிறாய் என்று அறிந்து நிறைவாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் ஸ்காட்ச் புரூம் என்னும் புதரும் பிடித்தது போக மிஞ்சிய புல்வெளி அது. அங்கே எடுக்கிற கணக்கு கறாராக இருக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று உழைப்பின் அளவு மாறினால், பூச்சி குறைந்தது பருவத்தாலா, நீ குறைவாகத் தேடியதாலா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

முதலில் நாள் குறிப்பது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்கு விளிம்பில் பொறி வைக்கத் திட்டமிடாதே. 2019 ஆகஸ்டில் அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கோடை மழைக்குப் பின் மே முதல் பாதியில் ஒன்று, மழை ஓய்ந்து புல் கதிர்விடும் செப்டம்பர் இறுதி, அக்டோபரில் ஒன்று, உறைபனி விழும் ஜனவரியில் ஒன்று என மூன்று சுற்றுகள் போதும். புல்லினங்களை அடையாளம் காண அக்டோபர் சுற்றுதான் உயிர். ஜனவரியில் பழுப்பேறிய புதரை வைத்துப் பெயர் சொல்லவே முடியாது. அப்போது அக்டோபரில் எடுத்த மாதிரிதான் கைகொடுக்கும். கோத்தகிரிப் பக்கத்தில் ஒப்பீட்டு இடம் வைத்தால் ஒன்றை மறக்காதே: அங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அதே அக்டோபர் அங்கே வேறு பருவம்.

செடிக்கு 50 மீட்டர் நாடாவை விரித்து, 10 மீட்டருக்கு ஒன்றாக 1 மீட்டர் சதுரச் சட்டம் வை. கொத்துப்புல்லில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்: வேர் சட்டத்துக்கு வெளியே, இலை உள்ளே. எண்ணிக்கைக்கு வேர் இருக்கும் இடம், பரப்புக்கு இலை மூடும் இடம் என்று முதல் நாளே முடிவுசெய்து கடைசிவரை அதையே பிடி. பரப்பின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினால் பதறாதே. ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தால் தாண்டத்தான் செய்யும். ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதை மட்டும் நம்பினால் அடுத்த சுற்றில் வேறொரு சதுரத்தை அளந்துகொண்டிருப்பாய். நான்கு மூலையிலும் நீண்ட ஆணியைத் தரைமட்டத்துக்கு அடித்து, அருகில் உள்ள பாறையிலிருந்து திசையும் தூரமும் எழுதிவை. நீட்டிக்கொண்டிருந்தால் எருமையின் காலைக் கிழிக்கும்.

தரையில் ஓடும் பூச்சி விழும்படி மண்ணில் டப்பாவைப் புதைக்கும் குழிப்பொறிதான் அதிகம் கெடுவது. ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் கப் இங்கே தடை. மூடியுள்ள கெட்டியான டப்பா வாங்கு, வாய் 8 செ.மீ. போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வை: வெளி டப்பா மண்ணிலேயே இருக்கும், உள் டப்பாவை மட்டும் தூக்கினால் மண் சரியாது. விளிம்பு தரைக்கு ஒரு நூல் மேலே நின்றாலும் வண்டு சுற்றிப் போய்விடும். புதைத்தவுடன் திறக்காதே. கிளறிய மண் முதல் சில நாட்களுக்கு எறும்பையும் வண்டையும் இழுக்கும். ஒரு வாரம் மூடி வைத்துப் பிறகு திற. மேலே 3 செ.மீ. இடைவெளியில் தகரக்கூரை, உள் டப்பாவின் விளிம்புக்குக் கீழே வலை ஒட்டிய சிறு துளை. மழைநீர் அதன்வழி வடியும், பிடித்தது மிதந்து போகாது.

உள்ளே உப்புக்கரைசல் ஊற்றாதே. கடமானும் காட்டுமாடும் உப்பை நக்க வரும். வண்டிக்கு ஊற்றும் கூலன்ட் இனிப்பான நஞ்சு, அதைத் தொடவே கூடாது. பாதி தண்ணீர், பாதி புரொப்பிலீன் கிளைக்கால் (விழுந்த பூச்சியை அழுகாமல் வைக்கும் திரவம்), வாசனை இல்லாத சோப்பு ஒரு சொட்டு. 72 மணி நேரத்தில் எடு. காட்டுப்பன்றி தோண்டியதை 'கெட்டது' என்றும், பூச்சியே விழாததை '0' என்றும் தனித்தனியாக எழுது. இரண்டையும் வெறும் கோடு போட்டு விடுகிற பழக்கம் பல நல்ல தரவைப் பாழாக்கியிருக்கிறது.

பூச்சி வலையைப் பனி காய்ந்த பிறகே, ஏறக்குறைய பத்தரை மணிக்கு மேல் எடு. ஈரப்புல்லில் வலை நனைந்து ஒட்டும், மென்பூச்சிகள் நசுங்கும். மதியம் மூடுபனி இறங்கினால் குறித்த 50 வலைவீச்சு முடியாவிட்டாலும் நிறுத்து. மறுநாள் முதலிலிருந்து தொடங்கு. இரண்டு அரைநாட்களை ஒட்டாதே.

பூச்சிக்கு 70 சதவீத எத்தனால், மரபணு ஆய்வுக்கு என்றால் 95. சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள் போடு. பேனா மை கரைந்துவிடும். புல் மாதிரியை வேரோடும் கதிரோடும் எடுத்துச் செய்தித்தாளுக்குள் அழுத்திவை. ஈரக்காற்றில் செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம்.

அனுமதியைத் தள்ளிப்போடாதே. தேசியப் பூங்காவுக்குள் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். சேகரிக்கும் இனங்களும் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். தோடர் மந்துகளுக்கு (குடியிருப்புகளுக்கு) அருகே சதுரச் சட்டம் வைக்கும் முன் பெரியவர்களிடம் நேரில் கேள்; கோயில் எல்லைக்குள் கால் வைக்காதே. சதுப்பில் அவர்கள் கோயில் கூரைக்கு எடுக்கும் புல் இருக்கும். அதைக் கொத்தோடு பிடுங்காமல் ஒரு தண்டு மட்டும் எடு. எந்தச் சரிவு எப்போது எரிந்தது, எருமை எந்த மாதம் எங்கே மேய்ந்தது என்பதும் அவர்களுக்கே தெரியும். அதையும் தேதியோடு உன் ஏட்டில் ஒரு பத்தியாக வை.

அன்புடன்,
உன் அக்கா