வினைவேகத்தை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண், கழிப்பறை கழுவ வாங்கிய ஆசிட்டைத் தகர வாளியில் ஊற்றி, கறை சீக்கிரம் போகட்டும் என்று வெந்நீரையும் சேர்த்துவிட்டார். வாளி நுரைத்துப் பொங்கியது. நெடி தாங்காமல் அவர் வெளியே ஓடிவந்ததால் தப்பினார். அவர் என் மாணவி. ‘வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகள்’, அதாவது ஒரு வேதிவினை நடக்கும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். அந்த ஆண்டு ஆய்வகத்தில் அமிலம் இல்லையென்று பாடத்தை நான் கரும்பலகையிலேயே முடித்துவிட்டேன் என்பது இப்போது என்னை உறுத்துகிறது.

அந்தத் தகரத்தின் மேல்பூச்சு துத்தநாகம். கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அது ஹைட்ரஜனை வெளியேற்றும். அமிலத்தின் செறிவு, வெந்நீரின் சூடு, வாளியின் உட்புறம் முழுவதும் பரந்த உலோகப் பரப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்து வேகத்தைக் கூட்டிவிட்டன. அவரை விரட்டிய நெடி அமில ஆவியுடையது. ஹைட்ரஜனுக்கு மணமில்லை, ஆனால் எளிதில் தீப்பற்றும். மூடிய குளியலறையில் யாரேனும் தீக்குச்சி கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

இதை வகுப்பில் காட்டப் பெரிய செலவு இல்லை. சோதனைக்குழாயில் சிறிதளவு நீர்த்த அமிலத்தை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரண்டு சென்டிமீட்டர் மக்னீசிய நாடாவைப் போட்டால், அது குமிழிகளின் மேல் துள்ளி மிதந்து, குழாயைப் பிடித்திருக்கும் விரல்களுக்குச் சூடு தெரியும்படி கரைந்து மறையும். தேய்க்காத நாடா தொடக்கத்தில் தயங்கும். மேலே படிந்த ஆக்சைடுதான் காரணம். துத்தநாகத் துண்டுகள் மெதுவாகக் குமிழிவிடும். அதில் இரண்டு சொட்டு மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை விட்டால் துண்டுகள் கறுத்து, வேகம் கண்ணெதிரே கூடும். இரும்பாணி இன்னும் மந்தம். செம்புக் கம்பியோ நீர்த்த அமிலத்தில் ஒரு குமிழிகூட விடாது. வீட்டில் புளி போட்டுத் தேய்க்கும் பித்தளைக் குத்துவிளக்கில் கறை மட்டும் போய் விளக்கு அப்படியே இருப்பது ஏன் என்று அப்போது பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வராதது.

வினையிலிருந்தே வெப்பம் பிறப்பதால் வேகம் முதலில் ஏறி, அமிலம் தீரத் தீரத் தணிவதையும் குமிழிகளை எண்ணும் மாணவன் தானே கண்டுகொள்வான். காரணிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவனுக்கு இது தெரிய வழியில்லை.

ஆகவே, மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் இச்சோதனையை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்வதைக் கல்வித்துறை உறுதிசெய்ய வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சன்னல் திறந்திருக்க வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தை இருப்பில் வைக்க இயலாத பள்ளிகளுக்குப் பக்கத்து மேல்நிலைப்பள்ளி ஆய்வகத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தந்தாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.